கேட்டில் பார்த்த நிறம்

காலையில் நித்யஸ்ரீ சரி என்று சொன்ன துணியை மதியம் நித்யஸ்ரீயே தள்ளினாள்.

ஒரு முறை நடந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பங்குனியில் தொடங்கியது. சித்திரை பிறந்தும் நிற்கவில்லை.

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் அவளுக்கு ஷேடு பார்க்கும் வேலை. ஒரு தடவையில் சாயமேறும் பனியன் துணி ஒரு லாட். அது சாயத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு துண்டு வெட்டுவார்கள். அலசி, இஸ்திரிப்பெட்டியால் காயவைத்து அவளிடம் கொண்டுவருவார்கள். அதற்குப் பிட் என்று பெயர். கேட்ட நிறம் வந்துவிட்டதா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லும் வரை மெஷின் சும்மா ஓடும். நீராவி வீணாகும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரவு ஷிப்டு முடியும் நேரத்தில், காத்திருக்கும் லாட்டின் பிட்டை எடுத்துக்கொண்டு சகாயராஜ் கேட்டுக்கு வந்து நிற்பான். நித்யஸ்ரீ அவிநாசி தாண்டிய சேவூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். வாட்ச்மேன் ஆத்தப்பன் கேட்டைத் திறப்பார். அவள் காலை ஊன்றி நிற்பாள். இன்ஜினை அணைக்க மாட்டாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளி, காலை வெளிச்சத்தில் பிட்டைப் பார்ப்பாள். "ஓகே" என்பாள். அல்லது, "நீலம் ஒரு பொட்டு" என்பாள். சகாயராஜ் உள்ளே ஓடுவான்.

ஒப்பிட்டுப் பார்க்க, துணி கேட்டவர்கள் அனுப்பிய மாதிரித் துண்டு, சோதனை அறையான லேபில் இருக்கும். அந்த நேரத்தில் அது அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. நிறம் அவள் தலைக்குள் இருந்தது. முதலாளி கிட்டுசாமி வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "எங்க அம்மிணி வண்டிய உட்டு எறங்காமயே ஷேடு சொல்லீரும்ங்க."

மதியம் துணி முழுதும் காய்ந்து வரும். லேபில் விளக்குப் பெட்டிக்குள் மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அதுதான் கடைசிப் பார்வை. பங்குனிக்கு முன்பு அது வெறும் சடங்காக இருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே பெட்டியின் விளக்கைப் போட்டாள்.

வெளிர் சாம்பல் லாட் நிறம் தப்பிய அன்று கிட்டுசாமி லேபுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூலிங் கிளாஸைச் சட்டைப் பையில் மாட்டியிருந்தார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"என்ன அம்மிணி இது?"

"நீலம் அடிக்குதுங்க."

"அது எனக்கே தெரியுது. காத்தால ஓகே சொன்னது ஆரு?"

"நாந்தானுங்க. நீலம் ஒரு பொட்டு போடச் சொல்லிட்டு ஓகேன்னேன்."

"இப்ப ஆகாதுங்கறது ஆரு?"

"நாந்தானுங்க."

"அப்ப உங்க ரெண்டு பேர்த்துல ஆரு சொல்றத நான் கேக்கறது?"

லேபில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிட்டுசாமி சிரிக்கவில்லை.

நித்யஸ்ரீ பிட்டைத் திருப்பினாள். "எடையில தப்பு இருக்குமுங்க. ஒரு பொட்டுன்னா ஒரு பொட்டுத்தான். கூடப் போட்டிருப்பாங்க."

சாயத்தை எடை போடுகிறவன் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். இரவு ஷிப்டு முடிந்தும் போகாமல் கதவருகே நின்றிருந்தான்.

"என்ன மேடம் இப்பிடிச் சொல்லுதிய? நீங்க சொன்னதத்தான் போட்டேன். ஒரு துளி கூடல."

"பின்ன எப்படிடா நீலமாச்சு?"

"அத என்ட்ட கேட்டா?"

கிட்டுசாமி கையை நீட்டி இருவரையும் நிறுத்தினார். "இனி எடை வேற ஆளு போடட்டும். நீ பிட்டு மட்டும் எடுத்துட்டு வா." அவளிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கெழம சந்தனக் கலர் லாட்டு ஏறுது. கொழந்தத் துணி. அதும் இப்படியாச்சுன்னா மகுடேஸ்வரன் ஷேடு பாக்கட்டும் அம்மிணி. நீ ஆபீஸ்ல உக்காந்துக்க. சம்பளம் கொறையாது."

மகுடேஸ்வரன் அவருடைய அக்கா மகன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து சும்மா இருந்தான்.

சம்பளத்தைப் பற்றி நித்யஸ்ரீ நினைக்கவில்லை. ஆபீசைப் பற்றி நினைத்தாள். அங்கே ஒரு பீரோ, ஒரு காலண்டர், ஒரு ஃபேன் இருந்தன. துணி இல்லை.

அன்று வீடு திரும்பியதும் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். வலது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு யோசித்தாள். அவளுக்கு யோசிக்கத் தெரிந்த விதம் துணிகளை அடுக்குவதுதான். தப்பிய லாட்களின் பிட்களை வாங்கி வந்திருந்தாள். தப்பாதவற்றையும் வாங்கி வந்திருந்தாள். கட்டிலில் பரப்பினாள்.

கறுப்பு தப்பவில்லை. நேவி என்ற கருநீலம் தப்பவில்லை. தப்பியவை எல்லாம் வெளிர் நிறங்கள். ஐவரி, பிஸ்தா, சாம்பல். தப்பியவை எல்லாம் ஒரே பக்கம் தப்பியிருந்தன. ஒன்றுகூட மஞ்சள் பக்கம் போகவில்லை. எல்லாம் நீலம்.

இன்னொன்றும் தெரிந்தது. பகலில் லேபில் உட்கார்ந்து பார்த்த லாட் எதுவும் தப்பவில்லை. கேட்டில் பார்த்தவை மட்டும் தப்பின.

காலையில் கண் வேறு மாதிரி இருக்குமோ என்று நினைத்தாள். மறுநாள் விடிந்ததும் பிட்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சேவூரில் சூரியன் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தப்பிய பிட் எல்லாம் நீலமாகத்தான் தெரிந்தது. தப்பாதது சரியாகத் தெரிந்தது. அவள் கண் சரியாக இருந்தது. காலையும் சரியாக இருந்தது.

அதே காலை, அதே கண். சேவூரில் சரி. வீரபாண்டியில் தப்பு.

பால் பொங்கி வழிந்தது. உள்ளிருந்து மாமியார் ரங்காத்தாள் கத்தினாள். "அங்க என்ன துணி ஏலமா போடறே?"

சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா புள்ளிப்புள்ளியாக நிறங்கள் இருந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நித்யஸ்ரீ எல்லா எண்களையும் சொன்னாள். சிலவற்றைப் பக்கம் திரும்பும்போதே சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கே இவ்வளவு வேகமா வராது."

பிறகு விளக்கை வலது கண்ணில் அடித்தார். இமையைத் திருப்பி எதையோ எடுத்தார். ஒரு இழை. வெள்ளைப் பஞ்சு.

"பனியன் கம்பெனியா?"

"சாயப்பட்டறைங்க."

"இந்த ஊர்ல எல்லார் கண்ணுலயும் நான் இதைத்தான் எடுக்கறேன். கீறியிருக்கு. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடிய மூடறதில்லையா?"

"மூடறனுங்க. அது சரியா உக்கார மாட்டேங்குது. கீழ சந்து இருக்குது."

"அதை மாத்துங்க." மருந்து விட்டு, கண்ணின் மேல் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். "சாயங்காலம் எடுத்துடலாம். அதுவரைக்கும் வண்டி எடுக்கக் கூடாது."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு நித்யஸ்ரீ வண்டியை எடுத்தாள்.

ஜாவித்தின் கடை அவிநாசி ரோட்டில் இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, மேலே ஒரு தார்ப்பாய், ஒரு கம்பி. கம்பியில் ஹெல்மெட் கண்ணாடிகள் தொங்கும். வெறும் கண்ணாடி, புகைக் கறுப்பு, நீலம், மஞ்சள், வானவில் போல மின்னுவது. எந்த ஹெல்மெட்டுக்கு எது பொருந்தும் என்று ஜாவித் தொட்டே சொல்வான். அவன் அதை வைசர் என்பான். கண்ணாடி என்று யாராவது சொன்னால், "உடையறதுதாங்க கண்ணாடி, இது வைசர்" என்று திருத்துவான். கிளியர் வைசருக்குக் கேட்ட கலரில் ஃபிலிம் ஒட்டியும் கொடுப்பான்.

நித்யஸ்ரீ போட்டிருந்த நீல வைசர் அவனிடம் வாங்கியதுதான். அவிநாசியிலிருந்து திருப்பூருக்குக் காலையில் வருகிறவர்களுக்குச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். பங்குனி வெயிலில் எதிரே வரும் பஸ் தெரியாமல் ஒரு நாள் மண்ணில் இறங்கினாள். அன்றே நீலம் மாட்டிக்கொண்டாள். ரோடு குளிர்ந்துவிட்டது.

தார்ப்பாயின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினாள். வெயிலில் மெதுவாக ஓட்டி வந்திருந்தாள். வழியெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

வைசர் வழியாக ஜாவித் குனிந்து பார்த்தான். "அக்கா, ஒத்தக் கண்ணுலயா ஓட்டிட்டு வந்தீங்க? இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கீங்களா?"

"சும்மா இரு. கீழ சந்து உழுகுது. பாரு."

ஹெல்மெட்டைப் பிடித்து மேலே இழுத்தாள். உள்ளே இருந்த பஞ்சுமெத்தை பிளாஸ்திரியைப் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டோடு கண்ணில் ஒட்டியிருந்ததும் கழன்று வந்தது.

இரண்டு கண்ணும் திறந்துகொண்டன.

எதிரே ஜாவித் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். புதிதாகத் துவைத்தது. நித்யஸ்ரீ அதைப் பார்த்தாள். ஏதோ ஒன்று சரியில்லை. வலது கண்ணை மூடினாள். சட்டை மஞ்சள். இடது கண்ணை மூடினாள். சட்டை வெள்ளை.

மறுபடியும் மாற்றி மூடினாள். மஞ்சள். வெள்ளை.

இடது கண் போய்விட்டது என்று நினைத்தாள். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா? தண்ணி வேணுங்களா?"

"அசையாம நில்லு."

"ஏனுங்க?"

"உன் சட்டையப் பாக்கோணும்."

"எங்க ஊட்டுக்காரி கூட என்னை இப்படிப் பாத்ததில்லீங்க."

ஒரு கண், மறு கண் என்று மாற்றிக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க மஞ்சள் இளகியது. ஐவரியானது. பிறகு அதுவும் போனது. ஒரு பஸ் வந்து நின்று ஆள் இறக்கிக் கிளம்பும் நேரத்துக்குள் இரண்டு கண்ணுக்கும் சட்டை வெள்ளையாகிவிட்டது.

பயம் போய்விட்டது. அதனிடத்தில் வேறொன்று வந்தது. அவள் ஹெல்மெட்டை எடுத்து மீண்டும் மாட்டினாள். கைக்குட்டையை மடித்து வலது கண்ணின் மேல் வைத்தாள். நீல வைசரை இறக்கினாள். வெயிலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

ஜாவித் இடுப்பில் கை வைத்தான். "இப்ப என்னுங்க பண்றீங்க?"

"நீ வேலையப் பாரு."

"போறவங்க எல்லாம் என்னைப் பாக்கறாங்க. நான் உங்க கண்ணக் குத்திட்டேன்னு நெனைப்பாங்க."

ஒருவர் வந்து புகைக் கறுப்பு கேட்டார். ஜாவித் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பழையதைக் கழற்றி, புதியதைச் சொடுக்கி மாட்டினான். "ராத்திரிக்கு இதோட ஓட்டாதீங்க. பையில கிளியர் ஒண்ணு வெச்சுக்குங்க. மாத்தறதுக்கு ரெண்டு சொடுக்குத்தான்." அவர் போகும் வரை நித்யஸ்ரீ அசையவில்லை.

பிறகு வைசரைத் தூக்கினாள். கைக்குட்டையை எடுத்தாள். ஜாவித்தின் சட்டையைப் பார்த்தாள்.

இடது கண்ணில் மஞ்சள். வலது கண்ணில் வெள்ளை.

"ஜாவித், இத மாட்டு."

"எனக்கு எதுக்குங்க?"

"மாட்டுங்கறேன்."

அவன் மாட்டினான். ஒரு கண்ணைப் பொத்தினான். வெயிலைப் பார்த்து உட்கார்ந்தான். நித்யஸ்ரீ கடையைப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னதும் தூக்கினான். தன் சட்டைக் கையைப் பார்த்தான். கண்ணை மாற்றினான்.

"அல்லா! இதென்னுங்க?"

"என்ன தெரியுது?"

"இந்தக் கண்ணுல எங்க அப்பா காலத்துச் சட்டையாட்ட இருக்குது. அந்தக் கண்ணுல நேத்து வாங்குனது." மறுபடி மாற்றினான். "போகுது போகுது. போயிருச்சு. அட, போயிருச்சே." அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. "எத்தன வருஷமா இத விக்கறேன். ஒரு தடவ கூடத் தெரியலையே."

"ரெண்டு கண்ணுலயும் நீலம்தான பாக்கறோம். ரெண்டும் ஒண்ணா மாறுது. ஒட்டுக்கா மாறுனா எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு அவள் நின்றாள். தான் சொன்னதைத் திரும்பக் கேட்டதுபோல நின்றாள்.

கிளியர் வைசரை ஹெல்மெட்டில் மாட்டச் சொன்னாள். அதோடு உட்கார்ந்து பார்த்தாள். பொத்திய கண்ணுக்கும் பொத்தாத கண்ணுக்கும் வெளிச்சம்தான் கொஞ்சம் வேறாக இருந்தது. சட்டை வெள்ளைதான். மீண்டும் நீலத்தை மாட்டச் சொன்னாள். ஜாவித் முனகாமல் மாட்டினான். அவனுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த முறை பையிலிருந்து வெளிர் சாம்பல் பிட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பகலில் லேபில் பார்த்த, தப்பாத வேறொரு லாட்டின் பிட். கூட்டாமல் குறைக்காமல் சரியாக வந்த சாம்பல். நீல வைசருக்குள் கண் பழகும் வரை காத்திருந்தாள். கண்ணாடியை மேலே தள்ளினாள். கேட்டில் செய்வதுபோலவே பிட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கண்ணைப் பொத்தியே வைத்திருந்தாள்.

"நீலம் ஒரு பொட்டு" என்றாள்.

"யாருகிட்டச் சொல்றீங்க?" என்றான் ஜாவித்.

அவள் கையை எடுத்து வலது கண்ணால் பார்த்தாள். சாம்பல். ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

லேபில் மாதிரியும் பிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கண் மாறினாலும் இரண்டும் சேர்ந்து மாறும். கேட்டில் மாதிரி கிடையாது. தலைக்குள் இருந்த நிறம் மாறவில்லை. கையில் இருந்த நிறம் மட்டும் மாறியிருந்தது. கறுப்பிலும் நேவியிலும் அந்த மஞ்சள் தெரிய வழியில்லை. வெளிர் நிறத்தில் தெரிந்தது. மஞ்சள் கூடிவிட்டது என்று அவள் நினைத்தாள். நீலம் போடச் சொன்னாள். சகாயராஜ் அவள் சொன்னதைத்தான் போட்டான்.

"ஜாவித், இந்த வைசர் நான் எப்ப வாங்குனேன்?"

"பங்குனியிலங்க. குண்டம் திருவிழாவுக்குப் போயிட்டு வந்து வாங்குனீங்க. நெத்தியில திருநீறு இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள்.

"ஏனுங்க அக்கா, நான் வித்ததுல ஏதும் வில்லங்கமா?"

"உன் சாமான் நல்ல சாமான்தான். கிளியர் ஒண்ணு குடு. பையில வெச்சுக்கறேன். இதுல சந்து மட்டும் அடைச்சுக் குடு."

"கிளியர மாட்டட்டுங்களா?"

"வேண்டாம். திங்கக்கெழம வரைக்கும் நீலம் இருக்கட்டும்."

திங்கட்கிழமை வெயில் சரியாக அடித்தது. நித்யஸ்ரீ சேவூரிலிருந்து வீரபாண்டி வரை வைசரைத் தூக்கவே இல்லை.

கேட்டில் சகாயராஜ் பிட்டுடன் நின்றிருந்தான். பக்கத்தில் கிட்டுசாமி. கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் மகுடேஸ்வரன் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆத்தப்பன் கேட்டைத் திறந்தார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். வைசரைத் தூக்கினாள். சகாயராஜ் பிட்டை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தனம். அவள் பார்த்தாள்.

"மஞ்ச கூடியிருக்குதுங்க. நீலம் ஒரு பொட்டு போடோணும்."

"போடச் சொல்லு" என்றார் கிட்டுசாமி.

"போடக் கூடாதுங்க."

"என்ன அம்மிணி?"

"இப்ப எனக்கு அப்படித் தெரியுதுங்க. ஆனா அப்படி இல்லீங்க. லேப்புக்குப் போய்ப் பாத்துத்தான் சொல்லுவேன்."

மகுடேஸ்வரன் மொபைலிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா, மெஷின் ஓடிட்டு இருக்கு."

"போன வாரம் வரைக்கும் வண்டியில உக்காந்துட்டே சொன்னயே அம்மிணி. பயமா?"

"இல்லீங்க. நீங்களே பாருங்க." அவள் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "இத மாட்டிட்டு வண்டியில உக்காருங்க."

"நானா?"

"ஆமாங்க. கூலிங் கிளாஸக் கழட்டிருங்க. கைக்குட்டைய மடிச்சு ஒரு கண்ணுல வெச்சுக்குங்க. வெயிலப் பாத்து உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் தூக்கக் கூடாது."

ஆத்தப்பன் சிரிப்பை அடக்க இருமினார். கிட்டுசாமி சுற்றிலும் பார்த்தார். ஷிப்டு முடிந்து போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். ஹெல்மெட்டை வாங்கினார். தலையில் இறங்கவில்லை. காதை மடித்து உள்ளே திணித்தார். வேட்டியைச் சேர்த்துப் பிடித்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தார்.

அவருடைய மொபைல் அடித்தது. எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க" என்றாள் நித்யஸ்ரீ.

மொபைல் அடித்து ஓய்ந்தது. கூட்டத்தில் ஒருவன், "மொதலாளி பழனிக்குப் பொறப்பட்டுட்டாரு" என்றான். யாரோ அவனை அடக்கினார்கள். கிட்டுசாமி அசையாமல் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வேர்வை வழிந்தது.

"இப்பத் தூக்குங்க. கைக்குட்டையையும் எடுத்துருங்க. மாத்தி மாத்தி மூடிப் பாருங்க."

அவர் வைசரைத் தூக்கினார். முதலில் தன் மடியைத்தான் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார்.

"என்ற வேட்டிய ஆரு சாயத்துல போட்டது?"

இந்த முறை எல்லாரும் சத்தமாகவே சிரித்தார்கள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிட்டுக்குக் கை நீட்டினார். சகாயராஜ் கொடுத்தான். அதை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரே துணிதானா?"

"ஒரே துணிதானுங்க."

"இந்தக் கண்ணுக்கு நீலம் போடோணுமாட்ட இருக்குது."

"ஆமாங்க. பங்குனியில இருந்து நான் அந்தக் கண்ணுலதான் பாத்திருக்கேன். ரெண்டு கண்ணும் அந்தக் கண்ணு."

அவர் பிட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வடிவதை அவரும் கண்டிருக்க வேண்டும். உதடு அசைந்தது.

"மாமா, மெஷின்" என்றான் மகுடேஸ்வரன்.

"ஓடட்டும்."

லேபுக்குப் போனார்கள். நித்யஸ்ரீ நேராகப் பெட்டிக்குப் போகவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்தபடி இருந்தாள். கிட்டுசாமி நின்றுகொண்டிருந்தார். கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

பிறகு எழுந்து பெட்டியின் விளக்கைப் போட்டாள். மாதிரியை வைத்தாள். பக்கத்தில் பிட்டை வைத்தாள். இரண்டின் விளிம்பையும் சேர்த்தாள். விளிம்பு மறைந்தது.

விளக்கை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் மறைந்தே இருந்தது.

"ஓகேங்க. ஒண்ணும் போட வேண்டாம். துணிய எறக்கச் சொல்லலாம்."

கிட்டுசாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "நாம பாட்டுக்கு நீலம் போட்டிருந்தோம்னா?"

"இதும் போயிருக்குமுங்க."

அவர் அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஆபீஸ்ல உக்காந்துக்க கண்ணு. ஃபேன் இருக்குது." பிறகு அவளிடம், "கேட்டுல பாக்கறது வேண்டாம். இனி ஆரும் பாக்க வேண்டாம். லேப்புல உக்காந்தே பாரு. எவ்வளவு நேரமானாலும் சரி." கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. கூலிங் கிளாஸை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போடாமல் திரும்ப வைத்துக்கொண்டார்.

கேட்டில் நின்று ஷேடு சொல்வது போய்விட்டது. அது அவளுக்குப் பிடித்த வேலை. வண்டியிலிருந்து இறங்காமல் சொல்வது. அதைச் சொல்லிக்கொள்வதும் பிடிக்கும். அவள் பிட்டை மடித்து மேசையில் வைத்தாள்.

சகாயராஜ் கதவருகே நின்றிருந்தான். அன்று நின்ற அதே இடம்.

"சகாயராஜ், நீ எடைக்கே திரும்பப் போயிரு. நான் முதலாளிகிட்டச் சொல்லிக்கறேன்."

"அது சரி மேடம்." அவன் போகவில்லை. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும்ல சொன்னிய."

லேபில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

நித்யஸ்ரீ எழுந்தாள். கிட்டுசாமி படியிறங்கிக்கொண்டிருந்தார். "ஐயா, ஒரு நிமிசமுங்க" என்றாள். அவர் நின்றார். லேபிலும் கீழே மெஷின் அருகிலும் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். "சகாயராஜ் எடையில தப்பே இல்லீங்க. அவன் ஒரு தடவ கூடத் தப்பாப் போடல. நான் தப்பாச் சொன்னேன். அவன் சரியாப் போட்டான். அதனாலதான் எல்லாம் ஒரே மாதிரி தப்பாச்சு."

கிட்டுசாமி தலையாட்டினார். சகாயராஜும் தலையாட்டினான். சிரிக்கவில்லை.

"அப்ப நான் காலைல கேட்டுல வந்து நிக்காண்டாமா?" என்றான்.

"வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. அங்க ஒரு நாய் கெடக்கு. பிட்டக் கண்டாலே பாயுது."

அவன் துணியை இறக்கச் சொல்லக் கீழே ஓடினான்.

மதியம் சந்தனம் காய்ந்து வந்தது. பெட்டியில் வைத்தாள். தள்ளவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போதுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. முதலாளியிடம் கொடுத்ததைத் திரும்ப வாங்கவில்லை. ஸ்கூட்டரில் இல்லை. ஆபீசில் இல்லை. லோடு ஏற்றுகிறவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டின்போது அது கேன்டீனில் இருந்ததாம். ஆளுக்குக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார்களாம். பீகார்ப் பையன்கள் இரண்டு முறை போட்டார்களாம்.

கேட்டுக்குப் போனாள். வெயில் இப்போது மறுபக்கம் இருந்தது. வாட்ச்மேன் ஆத்தப்பன் நாற்காலியை மேற்கே பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெல்மெட். நீல வைசர் இறங்கியிருந்தது. ஒரு கண்ணில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு வெள்ளைப் பிட்.

நித்யஸ்ரீ பையிலிருந்து கிளியர் வைசரை எடுத்தாள். மாற்ற இரண்டு சொடுக்குத்தான்.

"ஐயா, நான் போகோணுமுங்க."

"இன்னுங் கொஞ்ச நேரம் அம்மிணி" என்றார் ஆத்தப்பன், திரும்பாமல். "இப்பத்தான் என்ற மொறை வந்துச்சு."

அவள் வைசரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்தாள். அவர் தூக்கும்போது எந்தக் கண்ணை முதலில் மூடுவார் என்று பார்க்க வேண்டியிருந்தது.